ராணிச் சங்கும் அதன் உறவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரீபியன் தீவுகளின் ராணிச் சங்கு பற்றியும், இந்தோ-பசிபிக் தீவுகளைச் சுற்றி வாழும் அதன் உறவினர்கள் பற்றியும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாகப் போகும். முக்கியமாக உதட்டைப் பற்றியும் முட்டையைப் பற்றியும் சொல்லும் இடங்கள். இந்த உயிரினம் பிழைக்குமா பிழைக்காதா என்பது அந்த இரண்டில்தான் இருக்கிறது.

சங்கு என்றால் எல்லாம் ஒரே குடும்பம்தானா?

இல்லை. பெரிதாக, சுருண்டு, கனமாக ஒரு ஓடு இருந்தால் சங்கு என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'காங்க்' என்ற சொல்லும் அப்படித்தான் கண்டதற்கெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. இங்கே பேசப்போவது ஸ்ட்ராம்பிடே என்ற குடும்பத்துக் கடல்நத்தைகளைப் பற்றி. வலம்புரி, இடம்புரி என்று நாம் சொல்லும் சங்கு டர்பினெல்லா பைரம். அது வேறு குடும்பம், கடற்புழுக்களைப் பிடித்துத் தின்னும் நத்தை. ஃப்ளோரிடாவில் குதிரைச் சங்கு என்கிறார்களே, அது மற்ற நத்தைகளையே வேட்டையாடும். ட்ரைட்டன் என்ற பெரிய ஊதுசங்கு நட்சத்திர மீனைத் தின்னும். ஸ்ட்ராம்ப் குடும்பம் இவற்றுக்கு நேர்மாறு: பாசி மேயும் சாதுவான கூட்டம்.

கையில் ஒரு ஓடு இருக்கிறது. அது ஸ்ட்ராம்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓட்டின் வாய் உங்களைப் பார்க்கும்படி, கூரான சுருள் மேலே இருக்கும்படி பிடியுங்கள். வாயின் வெளி உதட்டை விரலால் தடவிக்கொண்டே கீழே வாருங்கள். கீழ்நுனிக்குச் சற்று மேலே உதடு சட்டென்று உள்வாங்கி, ஒரு சிறு பள்ளமாக வளைந்து, மறுபடி வெளியே வரும். ராணிச் சங்கில் அந்தப் பள்ளத்தில் சுண்டுவிரலை வைக்கலாம். சிறிய இனங்களில் நகத்தால் தேடினால் அகப்படும். இதை 'ஸ்ட்ராம்ப் பள்ளம்' என்பார்கள். அது நத்தை தன் வலது கண்ணை வெளியே நீட்டிப் பார்ப்பதற்கான ஜன்னல். இளம் ஓட்டில் உதடு இன்னும் உருவாகாததால் பள்ளமும் தெரியாது. அதனால் இந்தச் சோதனை வளர்ந்த ஓடுகளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

எந்தக் கடல்களில் இருக்கின்றன?

உலகின் வெப்பமண்டலக் கடல்கள் எல்லாவற்றிலும். இனங்களில் பெரும்பாலானவை இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு பசிபிக்கிலும் இருக்கின்றன. விரல் விரலாக முட்கள் நீண்ட ஐவிரல் சங்கு அங்கேதான் வாழ்கிறது (பெயர்தான் ஐவிரல், எண்ணிப் பார்த்தால் ஐந்துக்கு மேல் இருக்கும்). இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளில் கோங்கோங் என்று அழைக்கப்படும் சிறிய ஸ்ட்ராம்ப் மிகவும் பிரபலம். தஞ்சோங் பினாங் நகரில் கடலோரமாக அதன் வடிவத்திலேயே ஒரு கட்டடம் கட்டியிருக்கிறார்கள்.

அட்லாண்டிக் பக்கம் இனங்கள் குறைவு, ஆனால் உருவம் பெரிது. ராணிச் சங்கு பெர்முடா, ஃப்ளோரிடா, பஹாமாஸ் தொடங்கி கரீபியன் முழுக்கப் பரவியிருக்கிறது. அதன் ஓடு 30 செ.மீ. வரை வளரும். அதையும் மிஞ்சும் கோலியாத் சங்கு பிரேசில் கடலில் மட்டுமே உண்டு.

பெயர் விஷயத்தில் ஒன்று. 1758ல் ஸ்வீடன் இயற்கை அறிஞர் லின்னேயஸ் ராணிச் சங்குக்கு ஸ்ட்ராம்பஸ் ஜிகாஸ் என்று பெயரிட்டார். பிறகு யூஸ்ட்ராம்பஸ், லொபேட்டஸ் என்று மாறி, இப்போது அலிஜர் ஜிகாஸ். பழைய கட்டுரைகளில் வேறு பெயரைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், எல்லாம் ஒரே நத்தைதான்.

என்ன சாப்பிடும்? கடிக்குமா, விஷம் உண்டா?

கடற்புல்லின் மீது படியும் மெல்லிய பாசி, உதிர்ந்து மக்கும் புல், மணல்மேல் வளரும் பாசி. நீண்ட தும்பிக்கை போன்ற வாயை நீட்டி மேய்ந்துகொண்டே போகும். வயிற்றுக்குள் கண்ணாடிபோல் தெளிவான ஒரு கோல் சுழன்று, செரிமான நொதிகளைக் கரைத்துக் கொடுக்கும். பஹாமாஸ் மீனவர்கள் சங்கைச் சுத்தம் செய்யும்போது இந்தக் கோலை உருவி அப்படியே விழுங்குவார்கள். 'பிஸ்டல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆணுறுப்பு என்று பலர் நினைப்பது தவறு. பெண் சங்கிலும் அது உண்டு.

விஷம் கிடையாது, கடிக்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை. பசிபிக் பவளத்திட்டுகளில் வாழும் சில சிறிய ஸ்ட்ராம்புகள் பார்ப்பதற்குக் கூம்புச் சங்கு போலவே இருக்கும். கூம்புச் சங்குகளில் சில, ஆளையே கொல்லும் விஷ ஊசி உள்ளவை. இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர் உயிருள்ள எதையும் தண்ணீருக்குள் கையால் எடுக்கவே கூடாது.

நத்தை குதிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எனக்கு இந்தக் குடும்பத்தின் மேல் பிரியம் வந்ததே இதனால்தான். மற்ற நத்தைகளின் பாதம் அகலமாக, தரையோடு ஒட்டி ஊரும். ஸ்ட்ராம்பின் பாதம் குறுகலானது. அதன் நுனியில் அரிவாள்போல் வளைந்த பழுப்பு நகம் ஒன்று இருக்கும். மற்ற நத்தைகளில் வாயை அடைக்கும் கதவாக இருக்கும் மூடிதான் இங்கே நகமாகிவிட்டது. அதனால் இவை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க முடியாது.

ஒரு மீன்தொட்டியில் சிறிய ஸ்ட்ராம்ப் ஒன்று நடப்பதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதத்தை முன்னே நீட்டுகிறது, நகத்தை மணலில் குத்துகிறது, ஒரு உதை. ஓடு முழுவதும் எழும்பி முன்னால் விழுகிறது. பிறகு சற்று நேரம் ஒன்றும் நடப்பதில்லை. அப்புறம் மறுபடி ஒரு உதை. கவிழ்த்துப் போட்டாலும் அதே நகத்தால் தரையைத் தள்ளி ஒரு குட்டிக்கரணம் அடித்து நிமிர்ந்துவிடும். ஊர்ந்தால் வழியெல்லாம் வாசனை தொடர்ந்து படியும். விட்டு விட்டுக் குதித்தால் பின்தொடரும் எதிரிக்குத் தடம் அறுந்துபோகும் என்று விளக்கம் சொல்கிறார்கள்.

இந்தக் குதிப்புக்கே இப்போது ஆபத்து இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வாழும் கூன்முதுகு ஸ்ட்ராம்ப், கூம்புச் சங்கின் வாசனை பட்டாலே துள்ளி ஓடும். இந்த நூற்றாண்டின் இறுதியில் எதிர்பார்க்கப்படும் அளவு கரியமில வாயு கரைந்த நீரில் அதை வைத்துச் சோதித்த ஆய்வு 2014ல் வெளிவந்தது. குதித்த நத்தைகளின் எண்ணிக்கை சுமார் பாதியாகக் குறைந்தது. குதித்தவையும் முடிவெடுக்கக் கிட்டத்தட்ட இரு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டன. தசை கெட்டுப்போகவில்லை, நரம்புச் சமிக்ஞைதான் குழம்பியிருந்தது. எதிரி பக்கத்தில் வந்துவிட்டான் என்று தெரிந்தும் கால் எழவில்லை என்றால் அந்த உயிர் எப்படிப் பிழைக்கும்?

அந்தக் கண்கள் நிஜமாகவே பார்க்கின்றனவா?

நன்றாகவே. நீண்ட காம்புகளின் நுனியில், லென்ஸ் உள்ள முழுமையான கண்கள். பாப்பாவைச் சுற்றி வண்ண வளையங்கள் இருக்கும். மணலில் புதைந்திருக்கும்போது காம்பு மட்டும் வெளியே நீண்டு இரண்டு கண்களும் தனித்தனித் திசையில் திரும்புவதைப் பார்க்கலாம். மீன் கடித்துத் துண்டித்தாலும் கண் மறுபடி வளர்ந்துவிடும்.

அகலமாக விரிந்த அந்த உதடு எதற்கு? அதை வைத்து வயது சொல்ல முடியுமா?

இதற்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

ராணிச் சங்குக்கு முதல் மூன்று, மூன்றரை ஆண்டுகள் உதடே கிடையாது. ஓடு சுருண்டு சுருண்டு நீளமாகிக்கொண்டே போகும். அந்தப் பருவத்துச் சங்கைப் பஹாமாஸில் 'ரோலர்' என்பார்கள். பிறகு நீள வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஓட்டின் விளிம்பு இறக்கைபோல வெளியே விரிகிறது. உட்புறம் இளஞ்சிவப்பாக மின்னும். அதன்பிறகு எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், இருபது முப்பது ஆண்டுகள்கூட வாழக்கூடியது, ஓடு ஒரு செ.மீ. கூட நீளாது. உதடு மட்டும் உள்பக்கமாகத் தடித்துக்கொண்டே வரும்.

ஆகவே வயதைச் சொல்வது நீளம் அல்ல, தடிப்பு. கிழட்டுச் சங்குகளின் உதடு மூன்று நான்கு செ.மீ. தடித்துப்போகும், வெளியே முட்கள் தேய்ந்து, துளைக்கும் கடற்பஞ்சுகள் அரித்து, பாறைத்துண்டுபோலக் கிடக்கும். இவற்றுக்கு 'சாம்பா' என்று பெயர். உள்ளே இடம் குறைந்துகொண்டே வருவதால் சதையும் சுருங்கிவிடும். அதனால் ஒரு சாம்பா, அகன்ற இளம் சங்கைவிடச் சிறிதாகவே தெரியும்.

இங்கேதான் பெரும் தவறு நடக்கிறது. விரிந்த உதட்டைப் பார்த்ததும் 'இது வளர்ந்தது, பிடிக்கலாம்' என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் உதடு புதிதாக விரிந்து அட்டைபோல் மெல்லிசாக இருக்கும் சங்கு இன்னும் ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது. உதடு விரிந்த பிறகும் இனப்பெருக்க உறுப்புகள் முதிர்வதற்குக் காலம் தேவை. பஹாமாஸில் ஆய்ந்தவர்கள் குறைந்தது 15 மி.மீ. தடிப்பு இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். நல்ல விதி. அளப்பதும் எளிது: உதட்டின் ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி விரலிடுக்கில் பிடித்துப் பார்த்தாலே பழகிய மீனவருக்குத் தெரிந்துவிடும்.

ஐவிரல் சங்கிலும் கதை இதுதான். இளமையில் விரல்கள் இருக்காது. வளர்ச்சி முடியும்போதுதான் முளைக்கும். பெண்ணின் விரல்கள் நீண்டு மேல்நோக்கி வளைந்திருக்கும், ஆணுடையவை குட்டை.

எப்படி இனப்பெருக்கம் செய்கின்றன?

ஆண், பெண் தனித்தனி. மீன்கள்போல நீரில் கொட்டிவிட்டுப் போகாது. ஆண் பின்னாலிருந்து பெண்ணின் ஓட்டுக்குள் உறுப்பை நீட்டி இணைய வேண்டும். பெண் சுத்தமான வெள்ளை மணலில் ஒரு நாளுக்கும் மேலாக அசையாமல் உட்கார்ந்து முட்டையிடும். முட்டைகள் நூல்போல ஒரே இழையாக வரும். ஒட்டும் தன்மையுள்ள அந்த இழையில் மணல்துகள் ஒட்டிக்கொள்ள, மடிந்து மடிந்து உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொதியாகிவிடும். பிரித்து நீட்டினால் இருபது மீட்டருக்கும் மேல் இருக்கலாம். உள்ளே சில லட்சம் முட்டைகள். பார்ப்பவருக்கு ஒரு மணல் உருண்டை கிடப்பது போலத்தான் தெரியும்.

சில நாட்களில் பொரித்து, லார்வாக்கள் நீரோட்டத்தில் மூன்று நான்கு வாரம் மிதக்கும். நுண்மயிர் கொண்ட மடல்கள்தான் துடுப்பு. முதலில் இரண்டு, பிறகு நான்கு, கடைசியில் ஆறு. சரியான இடம் வந்ததை, அங்கே வளரும் சிலவகைச் செம்பாசிகளின் ரசாயனத்தால் உணர்ந்து அடியில் இறங்கி நத்தையாக மாறும். முதல் ஆண்டின் பெரும்பகுதியை மணலுக்குள் புதைந்தே கழிக்கும்.

லட்சக்கணக்கில் முட்டையிட்டும் ஏன் அழிகிறது?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான். முட்டையின் எண்ணிக்கையால் பயனில்லை, இணை கிடைக்க வேண்டும். குதித்துக் குதித்து நகரும் ஒரு நத்தை, தன் இணையை எவ்வளவு தூரம் தேடிப் போக முடியும்?

பஹாமாஸில் நடந்த ஆய்வின் முடிவு 2000ல் வெளிவந்தது. ஒரு ஹெக்டேரில் வளர்ந்த சங்குகள் 56க்குக் கீழே போன இடங்களில் ஒரு ஜோடிகூட இணையக் காணவில்லை. 48க்குக் கீழே முட்டையிடுதலும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 56 என்றால் பதிமூன்று மீட்டர் நீள அகலமுள்ள ஒரு சதுரத்துக்கு ஒரு சங்கு. பார்ப்பவருக்கு 'அங்கங்கே இருக்கிறதே' என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கூட்டம் அதற்குள் மலடாகிவிட்டிருக்கும். கடைசிச் சங்கைப் பிடிக்கும் முன்பே, வெகு முன்பே, கதை முடிந்துவிடுகிறது. எச்சரிக்கையாக, ஹெக்டேருக்கு நூறு சங்காவது இருக்க வேண்டும் என்று இப்போது பரிந்துரைக்கிறார்கள்.

அதனால்தான் மொத்தம் இத்தனை லட்சம் சங்கு மிச்சம் இருக்கிறது என்ற கணக்கு என்னைத் தேற்றுவதில்லை. நெருக்கமாக இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. அவை கூடி முட்டையிடும் திடல்களைத் தொடாமல் விடுவது எல்லா விதிகளையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன்.

பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. பஹாமாஸின் எக்ஸூமா கடற்பூங்காவில் 1986 முதல் எதையும் பிடிக்கக் கூடாது. ஒரு காலத்தில் அங்கே சங்குகள் வெளியே இருப்பதைவிட மிக நெருக்கமாக இருந்தன. பிறகு அங்கும் குறைந்தன. இருப்பவை வயதானவை, புதிய குஞ்சுகள் போதவில்லை. மிதந்து வரும் லார்வாக்கள் வேறு எங்கோ முட்டையிட்ட தாய்களின் பிள்ளைகள்; அந்தத் தாய்கள் பிடிபட்டுவிட்டால் பூங்காவுக்கு வேலி போட்டு என்ன பயன்?

சட்டங்கள் இல்லையா?

இருக்கின்றன. 1992 முதல் ராணிச் சங்கு, அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். ஃப்ளோரிடா 1980களின் நடுவிலேயே பிடிப்பதை முழுவதும் தடை செய்தது. இன்னும் பழைய நிலைக்கு மீளவில்லை. ஏற்றுமதியில் முன்னணியில் இருந்த ஜமைக்கா 2019ல் பிடிப்புக்குத் தற்காலிகத் தடை போட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கா இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. பெலீஸ், டர்க்ஸ் கைகோஸ் போன்ற இடங்களில், பிடிக்கக் கூடாத மூடுபருவமும் பிடிப்பதற்கான குறைந்தபட்ச அளவும் உண்டு. ஆனால் அந்த அளவு பெரும்பாலும் ஓட்டின் நீளம் அல்லது சதையின் எடை. உதட்டைப் பற்றி மேலே சொன்னதைப் படித்தவருக்கு அதில் உள்ள குறை புரியும்.

பண்ணையில் வளர்த்துக் கடலில் விட முடியாதா?

வளர்க்கலாம், விடுவதுதான் கடினம். டர்க்ஸ் கைகோஸின் ப்ராவிடென்சியல்ஸ் தீவில் 1980களில் தொடங்கிய பண்ணை பல ஆண்டுகள் நடந்தது. 2017ல் இர்மா சூறாவளி அதை நாசமாக்கியது. ஃப்ளோரிடாவின் ஹார்பர் பிராஞ்ச் ஆய்வு நிறுவனம் இன்று தீவுகளில் சிறிய குஞ்சுப் பொரிப்பகங்களை அமைக்க உதவி வருகிறது. தொட்டியில் வளர்ந்த குஞ்சுகளின் முட்கள் குட்டையாக இருந்ததையும், மணலில் புதையும் பழக்கம் குறைவாக இருந்ததையும் 1990களிலேயே கண்டுபிடித்தார்கள். எதிரியைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை. கடலில் விட்டதும் நண்டுகளுக்கும் திருக்கைகளுக்கும் இரையாகிவிடும். அதனால் இருக்கும் தாய்களைக் காப்பதற்கு இது மாற்று ஆகாது.

ஓடு ஏன் அவ்வளவு உறுதி?

ஓட்டில் சுமார் 99 சதவீதம் அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமம், மீதி புரதம். சாக்குக்கட்டியின் உறவினன்தான், ஆனால் சுத்தியலுக்கும் மசியாது. நுண்ணிய கனிமப் பட்டைகள் மூன்று அடுக்குகளாக, ஒன்றுக்கொன்று குறுக்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. விரிசல் ஓரடுக்கில் ஓடி அடுத்ததில் முட்டும்போது திசை திரும்பி, கிளைபிரிந்து, சக்தி இழந்துவிடும்.

முத்து கிடைக்குமா?

அபூர்வமாக. சிப்பி முத்தின் மினுமினுப்பு இருக்காது. பீங்கான்போல வழவழப்பாக, நல்லதாக இருந்தால் இளஞ்சிவப்பில் தீச்சுடர் அசைவதுபோல் கோடுகள் தெரியும். மேலே சொன்ன குறுக்குப் பட்டைகளில் ஒளி விளையாடுவதுதான் அந்தச் சுடர். இதை வளர்ப்பு முறையில் உருவாக்குவதில் ஹார்பர் பிராஞ்ச் ஆய்வாளர்கள் வெற்றி கண்டதை 2009ல் அறிவித்தார்கள். முத்துக்காகவே சங்கைக் கொன்று பார்ப்பது வீண். அநேகமாக உள்ளே ஒன்றும் இருக்காது.

காதில் வைத்தால் கடல் இரைவது எப்படி?

அது நம்மைச் சுற்றியுள்ள சத்தம்தான். ஓட்டின் குழி சில அலைவரிசைகளை மட்டும் பெருக்கித் தருகிறது. சத்தமே இல்லாத அறையில் வைத்தால் கடலும் கேட்காது.

ஊதுவது வேறு. சுருளின் நுனியை வெட்டிவிட்டு, நம் உதட்டை அதிரவைத்து ஊத வேண்டும். பெருவில் சாவின் தே உவாந்தர் என்ற பழங்கோயிலில் 2001ல் இப்படி இருபது ஸ்ட்ராம்ப் ஊதுசங்குகள் கிடைத்தன. மலைமேல் இருக்கும் கோயில் அது. சங்குகளோ தொலைதூர வெப்பக் கடலிலிருந்து வந்தவை. ஹைட்டியின் தலைநகரில் உள்ள விடுதலைச் சிலையில், விலங்கொடித்த அடிமை தலையை நிமிர்த்தி ஊதுவதும் சங்குதான். அங்கே அதன் பெயர் லாம்பி.

கரையில் கிடக்கும் ஓடுகளில் சுருளருகே ஒரு துளை இருக்கிறதே, என்ன காரணம்?

மனிதக் கை. நத்தை ஓட்டின் நடுத்தண்டோடு ஒரு தசையால் பற்றிக்கொண்டிருக்கும். சுருளருகே துளையிட்டு, கத்தியை நுழைத்து அந்தத் தசையை அறுத்தால் முழு உடலும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். துளை நீளமான கீறலாக இருந்தால் இரும்புக் கருவி. வட்டமாக இருந்தால், கொலம்பஸுக்கு முன்பிருந்த தீவு மக்கள் இன்னொரு சங்கின் கூர்நுனியால் இடித்து உண்டாக்கியதாக இருக்கலாம். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் உள்ள அனெகாடாவின் கடலோரத்தில், பல நூற்றாண்டுகளாக வீசியெறிந்த ஓடுகள் குவிந்து தீவுபோல எழுந்து நிற்கின்றன.

பயணம் போனால் ஒரு ஓடு எடுத்து வரலாமா?

சைட்டிஸ் விதிப்படி சொந்த உபயோகத்துக்கு ஒருவர் மூன்று ராணிச் சங்கு ஓடுகள் வரை அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுபோகலாம். ஆனால் நாடுகள் இதைவிடக் கடுமையான விதி வைத்துக்கொள்ள உரிமை உண்டு, அதனால் புறப்படும் நாட்டிலும் இறங்கும் நாட்டிலும் விசாரித்துக்கொள்ளுங்கள். எடுப்பதற்கு முன் ஓட்டைக் கவிழ்த்து வாயைப் பாருங்கள். பழுப்பு நகமோ, துறவி நண்டின் கால்களோ தெரிந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வாங்குவதாக இருந்தால் உதட்டை விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள். அட்டைபோல் மெல்லிசாக இருந்தால் அந்த ஓட்டை வாங்காதீர்கள்.